பூனைக்காலித் துண்டு

பூவை அடித்துத் துணியில் ஏற்றுகிற வேலைக்குக் கையில் வலு வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதை ஏதோ பூத்தொடுப்பது மாதிரி நோகாத வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். மானகிரியில் ரேணுகாவின் கொட்டகைக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றால் காது அடைத்துவிடும். கடுக்காய்த் தண்ணீரிலும் படிகாரத் தண்ணீரிலும் ஊறிக் காய்ந்த துணியைப் பலகையில் விரித்து, காலையில் பறித்த இலையையும் பூவையும் அதன்மேல் குப்புறப் பரப்பி, மேலே ஒரு பழந்துணியைப் போட்டு மூடி, தச்சர்கள் உளியடிக்க வைத்திருக்கிற கொட்டாப்புளியால் அடி அடியென்று அடிக்க வேண்டும். கண்மண் தெரியாமல் அடித்தால் இலை கூழாகிப் பரவிவிடும். பயந்து பயந்து அடித்தால் சாறு இறங்காது. ஓரத்தில் தொடங்கி நரம்பு நரம்பாக அடித்துக்கொண்டு போய் மேல்துணியை உரித்தால், சக்கை தனியாக வந்துவிடும், துணியில் இலை அப்படியே உட்கார்ந்திருக்கும். தேக்கங்கொழுந்து ரத்தமாக இறங்கும். செம்பருத்தி ஊதாவாக மாறும். துரு ஆணி ஊறிய தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் புளிய இலைகூடக் கறுத்துக்கொண்டு எழுந்து நிற்கும்.

ரேணுகாவுக்கு இதில் நல்ல பெயர். புதுச்சேரிக் கடைக்காரர்கள் அவள் சேலைக்காகக் காத்திருந்து வாங்கிப் போனார்கள். ஆனால் அந்த வீட்டில் வலுவான கை அவளுடையது மட்டுமில்லை. அவள் புருஷன் உதயகுமார் கை நீட்டுகிறவன். குடித்துவிட்டு அடிக்கிறவர்களுக்காவது மறுநாள் வெட்கம் வரும். இவன் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, நிதானமாக, கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அடிப்பான்.

அவனுக்கு ஒரு செவலைக் காளை இருந்தது. மஞ்சுவிரட்டுக்கென்றே வளர்த்தது. எந்தப் பொட்டலில் அவிழ்த்துவிட்டாலும் ஒருவன் கையும் அதன் திமிலில் நின்றதில்லை. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவனுக்குத் தெரியாது, காளை ஒரு வேளை தின்னாவிட்டால் முகம் செத்துவிடும். மார்கழியில் ஒருநாள் அவசரமாகச் சேலை முடிக்க வேண்டியிருந்ததில் ரேணுகா காளைக்குப் பருத்திக்கொட்டை வைக்க மறந்துவிட்டாள். உதயகுமார் கொட்டகைக்கு வந்தான். அவள் கையிலிருந்த கொட்டாப்புளியை வாங்கினான். அவளுடைய இடது கையைப் பிடித்து, பாதி அடித்த சேலையின்மேல், இலைகளுக்கு நடுவில் வைத்து ஒரே அடி அடித்தான். மோதிர விரல் முறிந்தது. அந்த இடத்தில் சேலையில் ஒரு கறை விழுந்தது. கொட்டாப்புளியை மறுபடி அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான்.

ரேணுகாவுக்குக் கீழச்சிவல்பட்டியில் பிறந்த வீடு. அப்பா உடையப்பன் விரலைப் பார்த்துக் கண்கலங்கினார், கட்டுப் போடக் கூட்டிப்போனார், பிறகு அவரே பஸ் ஏற்றி மானகிரிக்கு அனுப்பியும் வைத்தார். இது முதல் தடவை இல்லை. மகளை வீட்டோடு வைத்துக்கொண்டால் ஊர் என்ன பேசும் என்பதுதான் அவருடைய பெரிய கவலை. மாப்பிள்ளை அவளை என்ன செய்வான் என்பது அதற்கு அடுத்த கவலை.

தம்பி அழகுராஜா அதற்கு அடுத்த வாரம் வந்தான். ஜேசிபி ஓட்டுகிறவன், தை பிறந்துவிட்டால் வண்டியை நிறுத்திவிட்டு மாடு பிடிக்கக் கிளம்பிவிடுவான். வந்தவன் மச்சானோடு உட்கார்ந்து கோழிக்குழம்பு சாப்பிட்டான். தொழுவத்தில் நின்று காளையை முன்னாலும் பின்னாலும் பார்த்தான். அது எந்தப் பக்கம் திரும்பும், எந்தக் காலை முதலில் எடுக்கும் என்றெல்லாம் விசாரித்தான். அக்காவின் கட்டுப்போட்ட விரலைப் பார்த்தான், ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகும்போது அனுசரித்து இருக்கும்படி சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தான். அப்பாவாவது அழுதார், இவன் குழம்பை இரண்டாம் தடவை ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறான் என்று ரேணுகா அவனை மனசார வைதாள்.

பொங்கல் நெருங்கியபோது உதயகுமார் கொட்டகைக்கு வந்து ஒரு துண்டு வேண்டும் என்றான். மஞ்சுவிரட்டுக்கு எல்லாப் பயலும் வெள்ளைத் துண்டு போட்டு வருவான், தன் தோளில் கிடப்பது தனியாகத் தெரிய வேண்டும், பூவும் இலையுமாக இருக்க வேண்டும் என்றான். முதல் தடவையாக அவள் வேலையை மதித்துக் கேட்கிறான். அதற்கு அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கு வந்தது வேறு யோசனை.

கண்மாய்க் கரையில் வேலி நெடுகப் பூனைக்காலிக் கொடி படர்ந்து கிடந்தது. தை பிறக்கிற சமயத்தில் அதன் காய் முற்றி, மேலெல்லாம் பொன்னிறத்தில் பூமயிர் மாதிரிச் சுணை நிற்கும். பார்த்தால் தடவச் சொல்லும். தடவினால் போயிற்று. தோல் தடித்து, தீப்பிடித்த மாதிரி எரிந்து, சொறிந்து சொறிந்து ரத்தம் வந்தாலும் நிற்காது. காற்றடிக்கிற நாளில் ஆடு மேய்க்கிறவர்கள் அந்த வேலிப்பக்கமே போக மாட்டார்கள். ரேணுகா கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, முகத்தைச் சேலையால் சுற்றிக்கொண்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் காய்களைப் பறித்தாள்.

துண்டின் மேல்பக்கத்தில் தேக்கங்கொழுந்தும் செவ்வந்தியும் அடித்தாள். அவள் கையிலிருந்து அவ்வளவு நல்ல துண்டு அதற்கு முன் வந்ததில்லை. காய்ந்ததும் திருப்பிப்போட்டு, ஈரக் காய்களை உள்பக்கத்தில் வைத்து மூடி, அவற்றையும் அடித்தாள். சுணை நூலுக்குள் இறங்கியது. கஞ்சி தெளித்து, உள்பக்கம் வெளியே தெரியாமல் நீளவாக்கில் மடித்து, இஸ்திரி போட்டாள். கஞ்சி இருக்கும்வரை சுணை கிளம்பாது. பொட்டலில் வெயில் ஏறும், வியர்க்கும். உதயகுமாருக்கு வியர்த்தால் துண்டை விரித்து முகம், கழுத்து, அக்குள் என்று அழுந்தத் துடைக்கிற பழக்கம். ஊரே கூடியிருக்கும் இடத்தில் அவன் வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் சொறிந்துகொண்டு ஓட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது. அதை நினைத்துக்கொண்டே அடித்ததில் முறிந்த விரலின் வலிகூடத் தெரியவில்லை. பல வருடத்துக்கு அப்புறம் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

மஞ்சுவிரட்டு அன்று பொட்டலில் எள் போட்டால் கீழே விழாது. தூரத்தில் குன்றக்குடி மலை புழுதிக்குள் மங்கித் தெரிந்தது. காளை வாடிவாசலுக்குப் பின்னால் இருக்கிற தொழுவுக்குள் போவதற்கு முன் அதற்குப் பொட்டு வைத்து ஆலம் சுற்றுவது வீட்டுப் பெண்ணின் வேலை. ரேணுகா தட்டோடு வேப்பமரத்தடியில் நின்றாள். உதயகுமார் மடிப்புக் கலையாத துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு பேர் அந்தத் துண்டைப் பற்றி விசாரித்தார்கள். அவனுக்குத் தலை கால் புரியவில்லை.

அப்போது அழகுராஜா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தான். அக்காவைப் பார்க்கவில்லை. நேராக மச்சானுக்கு முன்னால் வந்து நின்றான்.

"மச்சான், இந்த வருசம் ஒங்க செவலைய நான் அணையப் போறேன். அணைஞ்சுட்டா அக்கா எங்கூட வந்துரும். பெறகு நீங்க கூப்புட வரக்கூடாது."

உதயகுமார் சிரித்தான். "அணையலைன்னா?"

"அணையலைன்னா இனி நான் ஒங்க வாசப்படி மிதிக்கல. அக்கா பேச்சும் பேசல."

அன்றைக்கு அவன் காளையைச் சுற்றிச் சுற்றி வந்ததும், எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்டதும் இதற்குத்தானா என்று அப்போதுதான் ரேணுகாவுக்கு விளங்கியது. வாயால் கேட்காமல் போனவன், ஊர் முன்னால் வைத்துக் கேட்பதற்காக நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவனை வைததை எல்லாம் நினைத்து அவள் தன்னையே வைதுகொண்டாள். அக்காவும் தம்பியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் ஒரே ஆளுக்கு, ஒரே பொட்டலில் குழி வெட்டியிருக்கிறார்கள். அழகுராஜா பிடித்துவிடுவான் என்று அவள் நம்பினாள். பிடித்தால் இன்றைக்கே பிறந்த வீடு. துண்டுகூட வேண்டியிருக்காது.

உதயகுமாரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஊர்த் துண்டு என் மாட்டுக்கு வேண்டாம், என் தோள் துண்டையே கட்டுகிறேன் என்றான். கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது.

இதில் ஒரு வழக்கம் இருக்கிறது. தொழுவில் நிற்கிற காளைகளுக்கு ஊர் சார்பில் வெள்ளைத் துண்டு கட்டுவார்கள். மாட்டுக்காரன் அதை வேண்டாமென்று தள்ளிவிட்டுத் தன் தோளில் கிடப்பதை எடுத்துக் கொம்பில் கட்டினால், என் மானம் இந்தக் கொம்பில் இருக்கிறது, முடிந்தவன் எடுத்துக்கொள் என்று அர்த்தம். உதயகுமாரின் அப்பா காலத்தில் ஒரு தடவை அப்படி நடந்ததாகச் சொல்வார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ரேணுகா அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தாள். ஆனால் பூனைக்காலி பறித்தபோது அது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. இந்தக் காலத்தில் யார் தோள் துண்டைக் கட்டுகிறார்கள்?

அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் காளையை உள்ளே ஓட்டிப்போய்விட்டார்கள். தொழுவுக்குள் பெண்கள் போகக்கூடாது. அவளை ஒரு டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிவிட்டார்கள். அங்கிருந்து பார்த்தாள். உதயகுமார் துண்டை மடிப்பு மடிப்பாகப் பிரித்து உதறினான். உள்பக்கத்தைக் காளையின் நெற்றியில் வைத்து, கொம்புகளைச் சுற்றி இறுக்கினான். இரண்டு முனையும் கண்ணின் மேலும் மூக்கின் மேலும் தொங்கின.

ரேணுகா குதித்தாள். முட்டி சிராய்த்தது. பொம்பளைக்கு இங்குட்டு என்ன சோலி என்று ஒருவன் கையை நீட்டி மறித்தான், அந்தக் கைக்குக் கீழே குனிந்து ஓடினாள். இன்னொருவன் முந்தானையைப் பிடித்தான், அது கிழிந்தது. அவள் தொழுவுக்குள் போய்ச் சேர்ந்தபோது செவலை தலையைக் கட்டையில் மோத ஆரம்பித்திருந்தது. உதயகுமார் மூக்கணாங்கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அவன் தோளைப் பிடித்தாள். "ஏங்க, அவுத்துவிடாதீக. துண்டுல பூனைக்காலி இருக்கு. நாந்தான் வச்சேன். ஒங்களுக்கு வச்சேன், மாட்டுக்கில்ல. வெளிய தம்பி நிக்கிறான்."

உதயகுமார் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். தடித்துச் சிவந்திருந்தது. காளையைப் பார்த்தான். அது கண்ணைக் கட்டையில் தேய்த்துத் தோலை உரித்துக்கொண்டிருந்தது. ஒரு கணம் அவன் அதற்காகத் துடித்துவிடுவான், துண்டைப் பிய்த்தெறிவான் என்றுதான் அவள் நினைத்தாள். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவன்.

"அதான் கை இப்படிப் பத்துதா," என்றான். "நல்ல காரியம் பண்ணிருக்க. அணையட்டும் ஒந் தம்பி. அணைஞ்சாத்தான ஒன்னயக் கூட்டிட்டுப் போவான்."

கயிற்றை உருவினான். அவள் அதைப் பிடிக்கப் பாய்ந்தாள். முழங்கையால் அவள் வாயில் ஒரு இடி இடித்தான். மண்ணில் விழுந்து அவள் நிமிர்வதற்குள் வாடி திறந்துவிட்டது.

செவலை ஓட்டமாடு. திறந்தால் நேரே பாய்ந்து, இடப்பக்கம் திரும்பி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு கண்மாய்ப் பக்கம் போய்விடும். அழகுராஜா அதைக் கணக்குப் பண்ணித்தான் இடப்பக்கம் நின்றான். அன்றைக்கு அது ஓடவில்லை. வெளியே வந்த இடத்திலேயே சுற்றியது. முகத்தை மண்ணில் போட்டு உழுதது. கண்ணுக்கு முன்னால் ஆடுகிற துணியைக் கொம்பால் குத்தியது, துணி அதன் கொம்பிலேயே இருந்ததால் காற்றைத்தான் குத்தியது. கூட்டம் இதை விளையாட்டு என்று நினைத்துக் கத்தியது. நின்று விளையாடுகிற மாட்டுக்குத்தான் மதிப்பு. வந்து பார் என்று மைக்கில் யாரோ ஒருவன் கூவினான்.

அழகுராஜா வந்து பார்த்தான். பக்கவாட்டில் பாய்ந்து திமிலைக் கட்டிக்கொண்டான். நல்ல பிடி. மாடு சுற்றியது, அவன் கால்கள் பூமியிலிருந்து கிளம்பிச் சுற்றின, கை விடவில்லை. முகத்தை அதன் கழுத்தில் பதித்துக்கொண்டான். பறந்துகொண்டிருந்த துண்டு அவன் கண்ணில் விளாசியது, கன்னத்தில் விளாசியது. ஒரு கையை எடுத்து அவன் கண்ணைத் தேய்த்ததை ரேணுகா பார்த்தாள். எந்த மாடுபிடிக்காரனும் செய்யாத காரியம். அந்த ஒரு கை போதுமாக இருந்தது. மாடு அவனை முன்னால் வீசியது, விழுவதற்குள் கொம்பில் வாங்கியது. விலாவுக்குக் கீழே இறங்கிய கொம்பை அது உருவவில்லை. அவனையும் சேர்த்துத் தலையை மண்ணில் தேய்த்தது, தூக்கியது, மறுபடி தேய்த்தது. அதற்கு எரிச்சலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும், அவன் இருப்பது அதற்குத் தெரியவே இல்லை. வாலைப் பிடித்தார்கள், கம்பால் அடித்தார்கள். கடைசியில் அவன் தானாகக் கழன்று விழுந்தான். குடல் புழுதியில் கிடந்தது.

ஆம்புலன்சில் ரேணுகா அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். வயிற்றைச் சுற்றித் துணிமேல் துணியாகக் கட்டியிருந்தார்கள், எல்லாம் நனைந்துகொண்டே இருந்தது. அழகுராஜாவுக்கு நினைவு இருந்தது. வயிறு வலிக்கிறது என்று அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"அக்கா, கண்ணு எரியுது," என்றான். "மூஞ்சியெல்லாம் எரியுது. தொடச்சு விடேன்."

அவள் கிழிந்த முந்தானையை நனைத்துத் துடைத்தாள். தடிப்புத் தடிப்பாக அவன் முகம் வீங்கியிருந்தது. துடைக்கத் துடைக்கச் சுணை இன்னும் பரவியது. அது என்னவென்று அவனிடம் சொல்லாமல், அவள் மறுபடி முந்தானையை நனைத்தாள். காரைக்குடி போய்ச் சேர்வதற்கு முன் அவன் கண்ணைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டான்.

பிணவறை வாசலுக்கு உதயகுமார் சாயங்காலம் வந்தான். உள்ளங்கை இரண்டையும் சொறிந்து ரணமாக்கியிருந்தான், தேங்காயெண்ணெய் பளபளத்தது. கேட்டவர்களிடம் கயிறு அறுத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவளைத் தனியாகக் கூப்பிட்டான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"கொம்புல இருக்க துண்ட எரிச்சிரு. வாயத் தொறந்தா நீதான் உள்ள போவ. ஒந் தம்பியக் கொன்னது நானில்ல, ஒந் துண்டு."

அதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் அவளைத் தின்றது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் அங்கேயே அவன் மூஞ்சியில் துப்பியிருப்பாள். வெளியே டீக்கடையில் செவலையைப் பற்றித்தான் பேச்சு. ஆளைக் கொன்ற மாடு, இனி எந்தப் பொட்டலிலும் அதற்கு முதல் இடம் என்று பேசிக்கொண்டார்கள்.

மாற்றுச் சேலை எடுக்க மானகிரிக்குப் போனாள். செவலை தென்னையில் கட்டிக் கிடந்தது. ஒரு கண் மூடியே விட்டது, மூக்கெல்லாம் ரத்தம். தலையை மரத்தில் தேய்த்துத் தேய்த்து பட்டையே உரிந்திருந்தது. கிழிந்த துண்டு இன்னும் கொம்பில் இருந்தது, அதை எடுக்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. அவள் சாணியைக் கரைத்து அதன் முகத்தில் ஊற்றினாள், பிறகு தண்ணீர் ஊற்றினாள், பிறகும் ஊற்றினாள். அது அவளை ஒன்றும் செய்யவில்லை. குச்சியால் துண்டை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிந்துகொண்டாள். எரிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கீழச்சிவல்பட்டியில் அழகுராஜாவைக் கிடத்தியிருந்தார்கள். அறுத்துத் தைத்துக் கொடுத்த உடம்பு, நேரம் கடத்த முடியாது. பந்தலில் உடையப்பன் நின்றார். துட்டிக்கு வருகிற ஆண்கள் ஒவ்வொருவராக வந்து இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டுவதும், அவர் அதைத் தொட்டுத் துக்கத்தை வாங்கிக்கொள்வதுமாக இருந்தது. உதயகுமார் பெரிய மாலையோடு வந்தான். மாலையைப் போட்டான், குமுறி அழுதான். அந்த அழுகையைப் பார்த்துப் பெண்கள் இன்னும் சத்தமாக அழுதார்கள். பிறகு மாமனார் முன்னால் போய் நின்றான். கையை மூடியபடி நீட்டினான். மாப்பிள்ளை ஆயிற்றே, தொட்டுவிட்டு விட முடியுமா, உடையப்பன் அந்த இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து ரேணுகா எழுந்தாள். அப்படி ஒரு எண்ணத்தோடு அவள் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. அந்த மூடிய கையைப் பார்த்தபிறகு அவளால் உட்கார முடியவில்லை.

"அப்பா, அந்தக் கைய விட்றாதீக," என்றாள். "திருப்பிப் பாருங்க."

உதயகுமார் கையை இழுத்தான். உடையப்பன் என்னவென்று புரியாமலே விடாமல் பிடித்தார், விரல்களைப் பிரித்தார். ரணமாகக் கிடந்தது. மாட்டுக் கயிறு அறுத்தது மாமா என்றான் அவன்.

ரேணுகா பைக்குள்ளிருந்து துண்டை எடுத்துத் தன் இடது முன்கையில் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். எல்லோரும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். துண்டை உரித்துவிட்டுக் கையை நீட்டினாள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல் சிவந்து தடித்து எழும்பியது. அதை அவன் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். பூனைக்காலி என்று யாரோ ஒரு கிழவர் சொன்னார். பாயில் கிடந்தவனின் வீங்கிய முகத்தை எல்லோரும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் எதையும் மறைக்கவில்லை. புருஷனை ஊர் முன்னால் கேவலப்படுத்தத் தான்தான் அடித்து ஏற்றியதாகச் சொன்னாள். துண்டு கொம்புக்குப் போகும் என்று நினைக்கவில்லை என்றாள். சொல்லி முடிப்பதற்குள் உடையப்பன் ஒரு கையை விடுவித்து அவளை அறைந்தார். வயசான கை, இருந்தாலும் காது இரைந்தது. ரேணுகா நகரவில்லை. எத்தனையோ அடி வாங்கியிருக்கிறாள், தனக்குச் சேர வேண்டிய அடி இது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

உதயகுமாருக்குத் தைரியம் வந்துவிட்டது. பந்தலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான்.

"கேட்டீகளா மாமா, அவளே ஒத்துக்கிட்டா. என்னயக் கொல்லப் பாத்தா, தம்பிய முழுங்கிட்டா. தொழுவுக்குள்ள வந்து எங்கிட்ட அவ வாயாலயே சொன்னாளே, துண்டுல பூனைக்காலி வச்சிருக்கேன்னு."

தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை. உடையப்பன் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். மகள் விரல் முறிந்து வந்தபோது அவர் கேட்காத கேள்விகள் எத்தனையோ இருந்தன. இப்போது ஒன்றைத்தான் கேட்டார்.

"எப்பச் சொன்னா மாப்ள? மாட்ட அவுக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

உதயகுமார் பொய் சொல்லிப் பழகினவன்தான், ஆனால் பின்னாடி என்று சொல்ல முடியாது, அவிழ்த்தபிறகு அவள் தொழுவுக்குள் வந்தாள் என்றால் நம்புவதற்கு ஆளில்லை. அவளை மறித்தவன், முந்தானையைக் கிழித்தவன் எல்லாம் அந்தப் பந்தலில்தான் நின்றார்கள். அவன் ரேணுகாவைப் பார்த்தான். அவள் பதில் சொல்லிக் காப்பாற்றுவாள் என்று நினைத்த மாதிரி, பெயரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டான். பிறகு மாமனாரின் பிடியிலிருந்து கையைப் பிடுங்கினான். கிழவர் விடவில்லை.

அதற்குப் பிறகு ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. நாற்காலிகள் சரிந்தன. அழகுராஜாவோடு மாடு பிடிக்கப் போகிறவர்கள்தான் முதலில் விழுந்தார்கள். பந்தல் கால் ஒன்று முறிந்தது. உதயகுமார் பெரிய மாலையின்மேல் விழுந்தான், அவன்மேல் ஆட்கள் விழுந்தார்கள், செவ்வந்தியும் ரத்தமுமாக அவன் வெள்ளைச் சட்டையில் அப்பியது. ஒருவன் பந்தல் கம்பையே உருவி ஓங்கினான்.

ரேணுகா அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அவள் கை தீயாக எரிந்தது. புருஷன்மேல் இரக்கம் வந்து தடுக்கிறாள் என்று நினைத்து ஒருவன் அவளைக் கெட்ட வார்த்தை சொன்னான். அவளுக்கு இரக்கம் ஒரு பொட்டுகூட இல்லை. அவன் செத்துவிட்டால், முன்னாடி என்கிற அந்த ஒரு சொல்லைச் சொல்ல ஆளில்லாமல் போய்விடும். அதை அவன் வாயால் சொல்ல வேண்டும். தம்பிக்கு அவளால் கொடுக்க முடிந்தது இனி அது மட்டும்தான்.

"கொன்றாதீக," என்றாள். "போலீசுக்குச் சொல்லி விடுங்க. பிடிச்சுட்டுப் போக ரெண்டு பேர் இருக்கோம்னு சொல்லுங்க."